‘ங்க’ இல்லாத இரண்டாம் பாதி

தலையில் அடிபட்டு நிதானம் இழந்திருந்த ஒரு பையனை நான் மறுபடியும் கோல் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினேன். அன்று சாயங்காலமே, அவனுக்கு எப்போது அடிபட்டது என்று டாக்டர் கேட்டபோது பொய் சொன்னேன். முதலாவதைப் பாதி தெரிந்து செய்தேன். இரண்டாவதை முழுக்கத் தெரிந்து செய்தேன். எழுபதைத் தாண்டிவிட்ட இந்த வயதில் இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்தேன். பையன்களுக்கு நான் பி.டி. சார். அந்தப் பக்கமெல்லாம் அப்போது சோளக்காடுதான். பந்து மைதானத்தைத் தாண்டினால் காட்டுக்குள் இறங்கித் தேடி எடுத்து வரவேண்டும். காட்டுக்காரர் வரப்பில் நின்று திட்டுவார், திட்டிலும் மரியாதை குறையாது.

அந்த வருடம் கல்லூரி திறந்ததும் தாளாளர் என்னை அழைத்தார். மைதானத்தில் கம்ப்யூட்டர் பிளாக் கட்டப்போவதாகச் சொன்னார்.

“கிரிக்கெட்டுன்னாலும் பரவாயில்லீங்க, பேப்பர்ல பேரு வருது. புட்பால்ல நாம இத்தன வருசமா என்னங்க கிழிச்சுப்போட்டோம்?”

நான் தலைகுனிந்து நின்றேன்.

“செரி, இந்த வருசம் பாக்கறனுங்க. ஒரு கப்பு கொண்டாங்க, யோசிக்கலாம். இல்லீன்னா டீமுக்கும் வேல இல்ல, உங்களுக்கும்…” என்று நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு என்னோடு வீட்டுக்கு வந்தது. வயது நாற்பத்தைந்து. கழுத்தில் விசிலைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. அந்த ஆட்டப் பருவம் முழுவதும் நான் பயந்துகொண்டே இருந்தேன். என் பயத்தைத்தான் பயிற்சி என்று பையன்கள் மேல் ஏற்றினேன்.

கோல்கீப்பர் இரண்டாம் ஆண்டு மாணவன், தொண்டாமுத்தூருக்கு அப்பால் ஒரு தோப்புக்காரரின் மகன். லாரியில் தேங்காய் ஏற்றும்போது கீழிருந்து வீசுவதை மேலே நின்று இரண்டிரண்டாகப் பிடித்துப் பழகிய கை அவனுக்கு. பந்து அந்தக் கைக்குள் போனால் சத்தமே வராது. அவனுக்கு முன்னால் ஸ்டாப்பராக நின்று பந்தைத் தடுத்தவன் மூன்றாம் ஆண்டு, அவன்தான் கேப்டன். பெரியநாயக்கன்பாளையத்தில் அவன் அப்பாவுக்கு லேத் பட்டறை இருந்தது. இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள்.

முதல் லீக் ஆட்டத்திலேயே ஒரு கூத்து நடந்தது. எதிரணி உயரமாக அடித்த பந்து எங்கள் கோலை நோக்கி வந்தது. கேப்டன் காலில் வாங்கத் தயாராக நின்றான். கீப்பர் ஓடி வந்துகொண்டே, “உடுங்ணா!” என்று கத்தினான். விட்டுவிடுங்கள், நான் பிடிக்கிறேன் என்று அர்த்தம். காற்று எதிர்ப்பக்கம். கேப்டன் காதில் அது “குடுங்ணா” என்று விழுந்தது. அவன் பந்தைப் பின்னால் கொடுத்தான். கீப்பர் முன்னால் வந்திருந்தான். பந்து அவனைத் தாண்டி ஆளில்லாத கோலுக்குள் உருண்டு போயிற்று. சேம் சைடு கோல். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத் தாளாளரின் சிரிப்பு ஞாபகம் வந்தது.

மறுநாள் பயிற்சியில் ஒரு சட்டம் போட்டேன். “இனிமே கோட்டுக்குள்ள ‘ங்க’ கெடையாது. அண்ணனும் கெடையாது, தம்பியும் கெடையாது. ‘உடு’ன்னா உடோணும். இழுத்து மரியாத குடுக்கறவன் கிரவுண்ட ஒரு ரவுண்டு ஓடோணும்.”

கீப்பர் கையைப் பிசைந்தான். “அண்ணனப் போயி எப்படீங்க சார் ‘உடு’ன்னு சொல்றது?”

“சொல்லு கண்ணு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்,” என்றான் கேப்டன்.

“செரிங்ணா.”

“இந்தா, இதுக்கே ஒரு ரவுண்டு. ஓடு!” என்றேன்.

அந்த மாதம் மற்றவர்கள் ஓடியதையெல்லாம் சேர்த்தாலும் அவன் ஓடியதற்கு ஈடாகாது. “இவன் கோல்கீப்பர் இல்லீங்க சார், மாரத்தான் ஓட வந்தவன்,” என்று பையன்கள் கிண்டல் செய்தார்கள். கடைசியில் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். “உடு!” என்று கத்திப் பந்தைப் பிடிப்பான். நெஞ்சோடு அணைத்த பிறகு, பக்கத்தில் நிற்பவனுக்கு மட்டும் கேட்கும்படி, “…ங்ணா” என்பான். நான் கேட்காததுபோல் இருந்துவிடுவேன். அவர்கள் இருவருக்கும் நடுவே அதன் பிறகு ஒரு பந்தும் தப்பவில்லை. நாங்கள் ஜெயிக்கத் தொடங்கினோம்.

ஒரு நாள் பயிற்சி நீண்டுவிட, அவனுடைய பஸ் போய்விட்டது. என் ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கொண்டுபோனேன். தொண்டாமுத்தூரைத் தாண்டி அவன் ஊருக்குத் திரும்பும் மண்பாதையில் பொழுது சாயும் நேரம். வாழைக்காட்டு ஓரம் கறுப்பாக ஏதோ அசைந்தது.

“வண்டிய ஆப் பண்ணிப்போடுங்க சார். அசையாதீங்க.”

ஒற்றை யானை. பாதையின் நடுவில் நின்று வாழை மரத்தைக் காலில் வைத்துப் பிளந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் எலும்பு முறிவதுபோல் இருந்தது. என் கால் நடுங்கிய நடுக்கத்தில் ஸ்கூட்டரின் ஸ்டாண்டு டக்டக்கென்று அடித்துக்கொண்டது. பின்னாலிருந்து அவன் என் தோளை அழுத்திப் பிடித்தான். மிக மெதுவாக, வாசலில் வந்து நிற்கும் பெரிய மனிதரிடம் பேசுவதுபோல் சொன்னான்: “வழி உட்டுருங்க சாமி. வாத்தியாரு ஊட்டுக்குப் போகோணுமுங்க.”

அது காதை ஆட்டிவிட்டு வாழைக்காட்டுக்குள் இறங்கிப் போயிற்று. மூச்சு வந்ததும், “யானைகிட்டயுமாடா ‘ங்க’?” என்று கேட்டேன்.

“பெரியவருங்க சார் அது,” என்றான். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், உயிர் போகிற பயத்திலும் அவன் நாக்கிலிருந்து ‘ங்க’ போகவில்லை என்பதைப் பார்த்தவன் நான். அதனால், பின்னால் நடந்ததற்கு ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லும் வழி எனக்கு இல்லை.

அரையிறுதி ஆட்டம் நகரத்தின் இன்னொரு மூலையில் வேறொரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. எங்கள் கல்லூரி அதுவரை அவ்வளவு தூரம் வந்ததில்லை. தாளாளரே காரில் வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது கீப்பருக்கு அன்று பிராக்டிகல் தேர்வு. பரவாயில்லை என்று அவனை விட்டுவிட்டு வந்திருந்தேன்.

முதல் பாதியில் ஒரு கோல் போட்டுவிட்டோம். இடைவேளைக்குச் சற்று முன்னால் எதிரணிக்கு ஒரு கார்னர். கீப்பர் “உடு!” என்று வந்தான். கேப்டன் விலகினான். எதிரணி ஃபார்வர்டு விலகவில்லை. இருவரும் காற்றில் மோதினார்கள். கீழே வரும்போது கீப்பரின் தலை கம்பத்தின் அடியில் பட்டது. சத்தம் பந்தல் வரை கேட்டது. பந்து மட்டும் அவன் கைக்குள்ளேயே இருந்தது.

கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தான். தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்தான். நடுவர் இடைவேளை ஊதினார். ரத்தம் இல்லை. காதுக்கு மேலே மட்டும் புடைத்திருந்தது.

எலுமிச்சைத் துண்டு சப்பிக்கொண்டு எல்லோரும் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். “எப்படியிருக்குது கண்ணு?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல,” என்றான். பிறகு கேப்டனைப் பார்த்து, “தண்ணி குடு,” என்றான்.

கூட்டமே வெடித்துச் சிரித்தது.

“சார், இன்னிக்குத்தானுங்க இவனுக்கு ரூல்ஸே புரிஞ்சிருக்குது!”

“அடேங்கப்பா, கேப்டனுக்கே ஆர்டரு! ஒரு அடி பட்டாத்தான் செரியாகும்னு தெரிஞ்சிருந்தா மொதல்லயே அடிச்சிருக்கலாமுங்க சார்!”

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. எதிரே இருந்த இரண்டு கோல்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் எந்தப் பக்கம் நிக்கோணும்?” என்று கேட்டான்.

கேப்டன் எழுந்து என்னைத் தனியாக அழைத்தான். அவன் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. “சார், இவன் என்கிட்ட ‘குடு’ங்கறானுங்க சார்.”

“நான் போட்ட ரூல்ஸ்தான?”

“கோட்டுக்கு வெளிய இருக்கறமுங்க சார்.”

அவன் சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு டாக்டர்கூடச் சொல்லியிருக்க முடியாது. எனக்கு யானை நின்ற பாதை ஞாபகம் வந்தது. அந்த நேரம் பார்த்துத் தாளாளரின் டிரைவர் ஓடி வந்தார். “அய்யா சொல்லச் சொன்னாருங்க. பிரமாதமா ஆடறாங்களாமுங்க. அந்தக் கீப்பர் பையன உட்டுராதீங்கன்னாருங்க.”

நான் பந்தலைப் பார்த்தேன். தாளாளர் கையை உயர்த்தினார். திரும்பி வந்து, கீப்பரின் தோளைப் பிடித்து, அவன் நிற்கவேண்டிய கோலைக் காட்டி, “அங்க, போ,” என்றேன். நல்ல பிள்ளையாக நடந்து போனான்.

இரண்டாம் பாதியை நான் ஆட்டமாகப் பார்க்கவில்லை. பந்து எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் விசிலைப் பல்லால் கடித்தேன். அது வெடித்து உதட்டைக் கிழித்ததுகூடப் பிறகுதான் தெரிந்தது. அவன் கைகள் பழக்கத்தில் வேலை செய்தன. ஒருமுறை வலது மூலைக்குப் பாய்ந்து விரல் நுனியில் தட்டிவிட்டான். அதைப்போல ஒரு பாய்ச்சலை அதற்கு முன் அவனிடம் நான் பார்த்ததில்லை. இன்னொரு முறை, மிக எளிதான பந்து ஒன்று உருண்டு வந்தபோது அதை யாருடையதோ போல் பார்த்துக்கொண்டு நின்றான். அது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. “உடு! உடு!” என்று சும்மா சும்மா கத்தினான். பந்தைப் பிடித்த பிறகு பின்னால் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த “…ங்ணா” வருகிறதா என்று கோட்டுக்கு வெளியே நின்று அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேப்டன் ஒவ்வொரு தடவையும் திரும்பி என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஜெயித்துவிட்டோம்.

கல்லூரி பஸ்ஸில் பையன்கள் சீட்டைத் தட்டிப் பாடிக்கொண்டு வந்தார்கள். கீப்பர் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தான். பிறகு கேப்டனின் தோளில் சாய்ந்து தூங்கினான். காந்திபுரம் வருவதற்குள் கேப்டனின் குரல் பாட்டுக்கு மேலே கேட்டது: “சார், எந்திரிக்க மாட்டேங்கறானுங்க! சார்!”

பஸ்ஸை ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொன்னேன். போகிற வழியில் இருக்கைகளுக்கு இடையே நின்று நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இங்க பாருங்கடா, கெளம்பயில பஸ் படியில வழுக்கி உழுந்துட்டான். யாரு கேட்டாலும் அதத்தான் சொல்லோணும். இல்லீன்னா டீமையே ஊத்தி மூடிருவாங்க.” டீமுக்காக என்றுதான் சொன்னேன். எனக்காக என்று சொல்லியிருந்தாலும் அவர்கள் கேட்டிருப்பார்கள். அவ்வளவு மரியாதை எனக்கு.

பணியிலிருந்த டாக்டர் இளைஞர். “எப்பங்க அடிபட்டுது?”

“இப்பத்தானுங்க. பஸ் படியில.”

“அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தாருங்களா? பேச்சு மாறுனது, கொழப்பமா இருந்தது, ஏதாச்சும்?”

“நல்லாத்தானுங்க இருந்தாரு. முழு மேட்ச் ஆடுனாருங்களே.”

அவர் தலையாட்டினார். இப்போது விழுந்ததுதானே, பெரிய டாக்டர் வரட்டும், கவனிப்பில் வைப்போம் என்று முடிவு செய்தார். நான் சொன்னதை வைத்துச் சரியாகத்தான் முடிவு செய்தார். அந்த வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்து எழுந்தேன், உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் வாயில் வருவதற்குள் ஒரு கண்ணின் மணி விரிந்துவிட்டது என்று நர்ஸ் ஓடினார். ஸ்கேன், ஆபரேஷன் எல்லாம் அதன் பிறகுதான். மண்டைக்குள் வெகு நேரமாக ரத்தம் கசிந்திருக்கிறது என்று பெரிய டாக்டர் சொன்னார். ஆபரேஷனை இன்னும் கொஞ்சம் முன்னால் ஆரம்பித்திருந்தால் என்று இழுத்தார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

பையனின் அப்பா காய்கறி வேனில் வந்து இறங்கினார். தோப்பு வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார், கையில் மட்டைப் பிசிறு ஒட்டியிருந்தது. எனக்கு இரண்டு கையையும் கூப்பினார். “உங்க கையிலதானுங்க புள்ளயக் குடுத்தது. நீங்க கூட இருக்கப்போயி ஆஸ்பத்திரிக்காச்சும் வந்துச்சுங்க. சாருக்குத்தான் சிரமம் குடுத்துட்டமுங்க.”

நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.

அவன் பிழைத்தான். இறுதி ஆட்டத்துக்கு நாங்கள் போகவில்லை. போகலாமா என்று நான் கேட்டபோது கேப்டன் பூட்ஸைக் கழற்றி என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனான். அடுத்த வருடம் மைதானத்தில் கம்ப்யூட்டர் பிளாக் வந்தது. எனக்கு வேலை போகவில்லை. பக்கத்திலேயே சின்னதாக ஒரு மைதானம் கொடுத்தார்கள். ஆனால் பயம் போகவில்லை. ஆபீஸ் பையன் வந்து “சார், யாரோ பாக்க வந்திருக்காங்க” என்றால் போதும், போலீஸ் என்றுதான் முதலில் தோன்றும்.

கீப்பரின் இடது கை பலமிழந்தது. படிப்பு நின்றது. சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, ‘ங்க’ மட்டும் வரவில்லை. எங்கே சேர்ப்பது என்று அவனுக்குத் தெரியாமல் போயிற்று. வேறு ஊராக இருந்தால் இது ஒரு குறையாகவே தெரிந்திருக்காது. எங்கள் ஊரில் ‘ங்க’ இல்லாதவன் திமிர் பிடித்தவன். மளிகைக் கடையில் சேர்த்துவிட்டார்கள். வந்தவர்களிடம் “என்ன வேணும், சொல்லு” என்றான். இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டரிடம் “டிக்கெட் குடு” என்று கேட்டு அறை வாங்கினான். அதன் பிறகு அவன் எங்கே போனாலும் அப்பா கூடவே போனார். டீக்கடையில் மகன், “ஒரு டீ போடு” என்பான். பின்னால் நின்று அவர், தாழ்ந்த குரலில், “…ங்க” என்று சேர்ப்பார். அதை ஒருமுறை தூரத்திலிருந்து நானே பார்த்தேன். சாலையைக் கடந்து போகாமல் அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

என்னால் முடிந்த பரிகாரம் என்று முதலில் செய்தது கோழையின் பரிகாரம்தான். அந்தச் சட்டத்தை ஒழித்தேன். தலையில் அடிபட்டவன் யாராக இருந்தாலும் வெளியே கூப்பிட்டு ஒரு சீனியரிடம் பேசவைப்பேன். மரியாதை பிசகினால் அவன் உள்ளே போகமுடியாது. ஒரு வருடம் நல்ல ஃபார்வர்டு ஒருவனை இப்படி உட்காரவைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவனுக்கு அந்த சீனியர் மேல் ஏதோ கோபம். அந்த ஆட்டம் தோற்றோம். பி.டி. சாருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் கேப்டனைப் பார்த்தேன். பட்டறை இப்போது அவனுடையது, தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“ஏனுங்க சார், பொங்கலுக்குப் பொங்கல் அவனப் பாத்துட்டு வாரனுங்க. அவங்கப்பா ஒவ்வொரு தடவையும் உங்கள விசாரிக்கறாருங்க. என்னால அந்த ஊட்டுல சோறு திங்க முடியறதில்லீங்க.” இலையைப் பார்த்தபடியே கேட்டான்: “நீங்க சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுங்களா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். அப்பா தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க, வாங்க! எத்தன வருசமாச்சுங்க! அம்மணி, சார் வந்திருக்காரு, மோர் கொண்டா,” என்று வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார். மோர் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. குடித்துவிட்டுச் சொல்ல முடியாது. நின்றபடியே சொன்னேன். கம்பத்தில் அடிபட்டது, ‘ங்க’ போனது, நான் அனுப்பியது, படி என்ற பொய், டாக்டர் கேட்டது, நான் சொன்னது. “யாருகிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. எங்க வந்து வேணும்னாலும் ஒத்துக்கறனுங்க,” என்றேன்.

அவர் கேப்டனைப் பார்த்தார். அவன் தலைகுனிந்து நின்றான். பிறகு என்னைப் பார்த்தார். குரல் உயரவில்லை.

“டாக்டரு கேட்டதுக்குமா பொய் சொன்ன?”

நான் தலையை ஆட்டினேன்.

“போ,” என்றார்.

மகனுக்காக ஊரெல்லாம் ‘ங்க’ சேர்த்துக்கொண்டே போன மனிதர். அந்த வாயிலிருந்து அந்த ஒற்றைச் சொல் அப்படியே வந்து என் மேல் விழுந்தது. நான் நடந்தேன். களத்தோரம் உட்கார்ந்திருந்த கீப்பர் என் பின்னாலேயே பாதை வரை வந்தான். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தான், அதே நீளக் கைகள். “சார், போயிட்டு வா,” என்றான்.

அவன் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ‘வா’ என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். என் தலை தெரிந்ததும் அவன் அப்பா எழுந்து தோப்புக்குள் போய்விடுவார். இத்தனை வருடங்களில் ஒரு சொல் பேசியதில்லை. அவர் யாரிடமும் புகார் சொல்லவுமில்லை. அது மன்னிப்பு என்று நான் ஒருபோதும் எடுத்துக்கொண்டதில்லை. முதல் முறைக்குப் பிறகு கேப்டன் என்னோடு வருவதில்லை. ஆனால் இப்போது அந்த வீட்டில் சாப்பிடுகிறான் என்று கேள்விப்பட்டேன்.

கீப்பருக்கு அந்த நாளே ஞாபகத்தில் இல்லை. காலையில் பஸ் ஏறியது வரைதான் தெரியும். அதனால் ஒவ்வொரு முறையும் என்னைச் சொல்லச் சொல்வான். வலது மூலைக்குப் பாய்ந்ததைச் சொல்லும்போது சிரிப்பான். யாரோ ஒரு நல்ல கீப்பரைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்பான். போன மாதம் பாதியில் என்னை நிறுத்தினான்.

“நீ பயந்துட்டு நின்னியா, சார்?”

“ஆமா கண்ணு. ரொம்ப.”

“அப்பறம் ஏன் என்னய வெளிய கூப்புடல?”

அத்தனை வருடங்களில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அவன் அப்பாகூடக் கேட்கவில்லை. என் வேலை, தாளாளர், பந்தல், எல்லாம் நாக்கு வரை வந்தன. எதுவும் அவன் முகத்துக்கு நேரே சொல்லும்படி இல்லை.

“எனக்காகத்தான் கண்ணு. என்னய நெனச்சுத்தான் பயந்தேன். உன்னய நெனச்சுப் பயப்படல,” என்றேன்.

அவன் யோசித்தான். தோப்புக்குள் அவன் அப்பா தேங்காய் உரிக்கும் சத்தம் நின்றிருந்தது.

“செரி, மிச்சத்தச் சொல்லு,” என்றான். சொன்னேன்.